விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பைனரி பில்ட்: திட்டமிடலிலிருந்து வெளியீடு வரை முழு வழிகாட்டி

உங்களிடம் ஒரு திறமூல நிரல் இருக்கிறது. உங்கள் கணினியில் கம்பைல் ஆகி (அதாவது மூலநிரல் ஓடும் கோப்பாக, பைனரியாக மாறி) நன்றாக ஓடுகிறது. அப்படிக் கட்டுவதைத்தான் பில்ட் என்கிறோம். மூலநிரலைத் தொடத் தெரியாதவர்களும் இறக்கித் திறந்து பயன்படுத்தும்படி அதைக் கொடுக்க வேண்டும். அதற்கான வேலைகளை எந்த வரிசையில் செய்வது, ஏன் அந்த வரிசை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் பராமரிக்கும் ஒரு சிறு நிரலையே வைத்துக்கொள்கிறேன். பாமினி, டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக்குறி முறைகளில் தட்டச்சு செய்த வினாத்தாள்களை யுனிகோடுக்கு மாற்றுவது அதன் வேலை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்களும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்து ஆசிரியர்களும், அச்சகங்களில் பக்க வடிவமைப்பு (டிடிபி) வேலை செய்பவர்களும் பயன்படுத்துகிறார்கள். கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும், உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ். தமிழ்நாட்டுப் பக்கம் பெரும்பாலும் விண்டோஸ். டிடிபி கடைகளில் இரண்டொரு மேக். கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மூன்று இயங்குதளமும் வந்துவிடுகின்றன.

1. யாருடைய கணினியில் ஓட வேண்டும் என்று எழுதுங்கள்

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் பயனர்களின் கணினிகளைப் பட்டியல் போடுங்கள். இயங்குதளம் எது, எந்தப் பதிப்பு? 32 பிட்டா, 64 பிட்டா? செயலி இன்டெல் வகையா, ஏஆர்எம்மா? இன்ஸ்டால் செய்ய அனுமதி உண்டா? கோப்பு அவர்கள் கைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? கடைசி இரண்டு கேள்விகளையும் புதியவர்கள் கேட்பதே இல்லை. பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் பட்டியலில் வந்தவை இவை. உபுண்டு 22.04-ஐ அடித்தளமாகக் கொண்ட பள்ளி லினக்ஸ், இன்னும் மாற்றாமல் விட்ட 18.04 கணினிகள் சில, விண்டோஸ் 10, 11, வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் விண்டோஸ் 7 மடிக்கணினிகள், ஆப்பிள் சிலிக்கான் மேக், பழைய இன்டெல் மேக். பள்ளிக் கணினி அறையின் நிர்வாகி கடவுச்சொல் எல்லா ஆசிரியர் கையிலும் இருக்காது. பலர் வீட்டில் கைபேசி இணையத்தில் இறக்கி, பென் டிரைவில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். அதனால் இன்ஸ்டால் செய்யாமலே ஓடுவது எங்களுக்குக் கட்டாயம் ஆனது.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு முடிவு எழுதுங்கள்: சோதித்துக் கொடுப்போம், சோதிக்காமல் கொடுப்போம், கொடுக்க மாட்டோம். கொடுக்க மாட்டோம் என்பதும் நேர்மையான முடிவுதான். அதை இறக்கும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் யாரும் வீணாக முயற்சி செய்ய மாட்டார்கள்.

இந்த முடிவு முதலில் வருவதற்குக் காரணம், நீங்கள் எந்தக் கருவியின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 7 வேண்டும் என்றால் பைத்தானில் 3.8-உடன் நிற்க வேண்டும். கோ மொழியில் 1.20 தான் கடைசி. டெஸ்க்டாப் நிரல்கள் எழுத உதவும் எலக்ட்ரானில் 22 தான் கடைசி. ரஸ்ட் 1.78 முதல் வழக்கமான விண்டோஸ் பில்டுகளுக்கு விண்டோஸ் 10 தேவை. புதிய பதிப்பில் முழு நிரலையும் எழுதி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் திரும்பி வருவது கடினம்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. அதற்காகப் பழைய கருவிகளைக் கட்டி இழுப்பதா என்பது உங்கள் பயனர்களைப் பொறுத்தது. எங்கள் நிரல் இணையத்தோடு பேசுவதில்லை, ஆசிரியர்களிடம் வேறு கணினியும் இல்லை. அதனால் தொடர்கிறோம். இணையத்தில் கடவுச்சொல் வாங்கும் நிரலாக இருந்தால் நான் விட்டிருப்பேன்.

2. காத்திருக்க வேண்டியவற்றை முதல் நாளே தொடங்குங்கள்

சில வேலைகள் உங்கள் கையில் இல்லை. அடையாளச் சரிபார்ப்பு, பணம் கட்டுதல், பதில் வரக் காத்திருத்தல் என்று நாள் பிடிக்கும். அவற்றை வெளியீட்டுக்கு முந்தைய வாரம் ஆரம்பித்தால் எல்லாம் முடிந்தும் மேக் கோப்பு மட்டும் நிற்கும்.

மேக் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் (வெளியிட்டவர் யார் என்று காட்டும் குறி) இட ஆப்பிள் டெவலப்பர் கணக்கு வேண்டும். ஆண்டுக்கு 99 டாலர். மாணவர் குழுவுக்கு இது சின்னத் தொகை அல்ல, ஆகவே யார் பெயரில் எடுப்பது, அடுத்த ஆண்டு யார் கட்டுவது என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

விண்டோஸ் கையொப்பச் சான்றிதழுக்கான தனிச்சாவி (கையொப்பமிடும் ரகசியச் சாவி) 2023 ஜூன் 1 முதல் பாதுகாப்பு வன்பொருளில்தான் இருக்க வேண்டும். கோப்பாக வாங்கி ரெப்போவின் (மூலநிரல் களஞ்சியத்தின்) ரகசியப் பெட்டியில் வைக்கும் பழைய வழி போய்விட்டது. திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகக் கையொப்பமிட்டுத் தரும் சைன்பாத் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, உரிமங்கள். உங்கள் நிரலோடு சேர்ந்து போகும் ஒவ்வொரு லைப்ரரியின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பின்) பெயர், பதிப்பு, உரிமம் மூன்றையும் எழுதுங்கள். மூலநிரலாகப் பகிரும்போது வராத கடமைகள் பைனரி கொடுக்கும்போது வரும். ஜிபிஎல் உரிமம் கொண்ட லைப்ரரி உள்ளே இருந்தால் அந்த பைனரிக்கு உரிய மூலநிரலும் பயனருக்குக் கிடைக்க வேண்டும். எல்ஜிபிஎல் உரிமம் கொண்ட லைப்ரரியை ஸ்டாட்டிக்காக (உங்கள் நிரல் கோப்புக்குள்ளேயே) இணைத்தால், அதை வேறு பதிப்பால் மாற்றி மீண்டும் இணைக்கப் பயனருக்கு வழி செய்ய வேண்டும். ஓடும்போது இணையும் தனி டைனமிக் கோப்பாக வைத்தால் அந்தக் கடமை எளிதாக நிறைவேறுகிறது. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களும் தங்கள் உரிம வாசகம் கூடவே போக வேண்டும் என்கின்றன. ஆக, தொகுப்பில் உரிமங்களுக்கு ஒரு கோப்புறை உண்டு என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

3. பில்டை ஒரே கட்டளைக்குக் கொண்டுவாருங்கள்

மூன்று இயங்குதளத்துக்குப் போகும் முன், ஒன்றில் பில்ட் முழுவதும் ஒரே கட்டளையில் முடிய வேண்டும். நடுவில் ஒரு கோப்பைக் கையால் நகர்த்துகிறீர்கள், ஒரு எண்ணைத் திருத்துகிறீர்கள் என்றால் அதே வேலை மூன்று மடங்காகும், ஏதாவது ஒரு தடவை மறந்தும் போகும்.

டிபென்டன்சிகளின் (உங்கள் நிரல் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின்) பதிப்பு எண்களைப் பூட்டுங்கள். பெரும்பாலான மொழிகளில் இதற்கென்று லாக் கோப்பு உண்டு, அதையும் ரெப்போவில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் எடுத்த விண்டோஸ் பில்டிலும் மாலையில் எடுத்த மேக் பில்டிலும் வேறு வேறு லைப்ரரி போயிருக்கும். யாராவது பிழை சொன்னால் எதைத் தேடுவது என்றே தெரியாது.

பதிப்பு எண் ஒரே இடத்திலிருந்து வரட்டும். கிட்டில் (மூலநிரல் மாற்றங்களைப் பதியும் கருவி) அந்த வெளியீட்டுக்கு இடும் டேக்கிலிருந்து எடுப்பது நல்லது. நிரலின் ‘பற்றி’ சாளரத்தில் பதிப்பு எண்ணோடு, எந்த மாற்றம் வரை சேர்த்துக் கட்டியது என்று காட்டும் கமிட் குறியீடும் தெரியும்படி வையுங்கள். ஓர் ஆசிரியர் தொலைபேசியில் ‘ஓடலைங்க தம்பி’ என்று சொல்லும்போது நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் இந்தக் கட்டத்திலேயே சரிசெய்யுங்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். விண்டோஸில் எழுதிப் பழகிய மாணவர்களின் முதல் லினக்ஸ் பில்ட் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறது.

4. லினக்ஸ்: பழையதில் கட்டுங்கள்

லினக்ஸை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், செலவில்லாமல் கண்டெய்னருக்குள் (கணினிக்குள் தனித்து இயங்கும் சிறு லினக்ஸ் சூழலுக்குள்) எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டிச் சோதிக்கலாம். இங்கே பிடிக்க வேண்டியது ஒரே விதி: நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய லினக்ஸில் அல்லது அதைவிடப் பழையதில் கட்ட வேண்டும்.

காரணம் ஜிலிப்சி. லினக்ஸ் நிரல்கள் பெரும்பாலும் இந்த அடிப்படை சி லைப்ரரியோடு டைனமிக்காக இணைகின்றன. அதன் செயற்கூறுகளுக்குப் பதிப்புக் குறி உண்டு. பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை. உபுண்டு 18.04-இல் ஜிலிப்சி 2.27, 20.04-இல் 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. உங்கள் 24.04 மடிக்கணினியில் கட்டி 18.04 பள்ளிக் கணினிக்கு அனுப்பினால், இன்ன ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். டெர்மினலிலிருந்து திறக்காமல் இரட்டைச் சொடுக்கில் திறப்பவருக்கு அந்தப் பிழைகூடத் தெரியாது. சொடுக்கினேன், ஒன்றும் வரவில்லை என்றுதான் சொல்வார்.

இப்போது எண்களைக் கவனியுங்கள். ஆல்மாலினக்ஸ் 8-உம் டெபியன் 10-உம் ஜிலிப்சி 2.28. பல வழிகாட்டிகள் அவற்றில் கட்டச் சொல்லும், பெரும்பாலோருக்கு அது போதும். ஆனால் எங்கள் பட்டியலில் 18.04 இருக்கிறது, அதில் 2.27. ஒரே ஒரு படி வித்தியாசத்தில் தவறிவிடலாம். முதல் படியில் எழுதிய பட்டியல் இந்த இடத்தில்தான் வேலைக்கு வருகிறது.

வழிகள் மூன்று. உபுண்டு 18.04 கண்டெய்னரிலேயே கட்டலாம். பைத்தான் உலகம் பயன்படுத்தும் மெனிலினக்ஸ்2014 கண்டெய்னரில் கட்டலாம். அது சென்ட்ஓஎஸ் 7-ஐ அடித்தளமாகக் கொண்டது, ஜிலிப்சி 2.17, ஆனால் கம்பைலர் அவ்வளவு பழசு இல்லை. அல்லது ஜிக் கருவியை சி கம்பைலராக வைத்து, எந்த ஜிலிப்சி பதிப்புக்கு என்று எண்ணையே குறிப்பிட்டுக் கட்டலாம். சி, சி++ நிரல் என்றால் நான் கண்டெய்னர் வழியையே சொல்வேன், ஏனென்றால் மற்ற லைப்ரரிகளும் அதே காலத்தவையாகக் கிடைக்கும். கோ மொழியில் சிகோவை (சி நிரலை இணைக்கும் வசதியை) அணைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக இணைத்துவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காக இணைத்தால் பெயர் தேடல், எழுத்துக்குறி மாற்றம் போன்றவை ஓடும் நேரத்தில் வெளிக் கோப்புகளைத் தேடும், பல இடங்களில் உடையும். ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் லைப்ரரியோடு இணைத்தால் உண்மையிலேயே தனித்து நிற்கும் கோப்பு கிடைக்கும். கட்டளைவரி நிரல்களுக்கு நல்ல வழி. ஆனால் தமிழ் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜிலிப்சியின் எழுத்துக்குறி மாற்றியான ஐகான்வ் டிஸ்கி முறையை அறியும், மஸ்லின் ஐகான்வுக்கு அது தெரியாது. விண்டோஸுக்கும் தெரியாது. அதனால் மாற்று அட்டவணையை நிரலுக்குள்ளேயே வைத்துவிட்டோம். இயங்குதளம் தரும் வசதியை நம்பியிருக்கும் இடங்களை எல்லாம் உங்கள் நிரலிலும் இப்படித் தேடிப் பாருங்கள்.

கட்டி முடித்ததும் எல்டிடி கட்டளையால் எந்தெந்த லைப்ரரி தேவைப்படுகிறது என்று பாருங்கள். ஆப்ஜ்டம்ப் கட்டளையால் மிக உயர்ந்த ஜிலிப்சி பதிப்புக் குறி எது என்று பாருங்கள். பட்டியலில் உள்ள எண்ணைத் தாண்டினால் பில்டே தோற்க வேண்டும் என்று ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள்.

கூடவே அனுப்பும் லைப்ரரிகளை நிரலின் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் வைத்து, தேடும் பாதையை நிரல் இருக்கும் இடத்தைப் பொறுத்து அமையுங்கள். ஜிலிப்சியையும் திரை அட்டை சார்ந்த ஓபன்ஜிஎல் லைப்ரரியையும் மட்டும் கூட அனுப்பாதீர்கள். அவை பயனரின் கணினியோடு பொருந்த வேண்டியவை.

எந்த வடிவில் அனுப்புவது? சுருக்கிய டார் கோப்பு (கோப்புறை முழுவதையும் ஒன்றாக்கியது) ஒன்று கட்டாயம். முழு நிரலும் ஒரே கோப்பில் அடங்கும் ஆப்இமேஜ் வசதியானது, ஆனால் அதன் வழக்கமான வடிவத்துக்கு ஃபியூஸ் 2 லைப்ரரி வேண்டும், உபுண்டு 22.04-இல் அது முன்கூட்டியே இல்லை. இன்னொன்று: பென் டிரைவில் பெரும்பாலும் இருப்பது ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் கோப்பு முறை. அவை லினக்ஸின் இயக்க அனுமதியைச் சேமிப்பதில்லை. ஆப்இமேஜை அதில் நகலெடுத்தால் அனுமதி போய்விடும். டார் கோப்புக்குள் இருந்தால், பள்ளிக் கணினியில் விரிக்கும்போது அனுமதி அப்படியே வரும்.

5. விண்டோஸ்: எல்லாவற்றையும் கூட அனுப்புங்கள்

விண்டோஸில் அடிக்கடி வரும் புகார் ஒரு டிஎல்எல் (விண்டோஸின் டைனமிக் லைப்ரரிக் கோப்பு) இல்லை என்பது. விஷுவல் சி++ கொண்டு கட்டினால் விசிரன்டைம்140 என்ற கோப்பைக் கேட்கும். உங்கள் கணினியில் விஷுவல் ஸ்டுடியோ இருப்பதால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த ரன்டைமை (நிரல் ஓடத் தேவையான அடிப்படை லைப்ரரியை) ஸ்டாட்டிக்காக இணைத்துவிடுங்கள், சிறு நிரலுக்கு அதுவே சுலபம். மிங்டபிள்யூ கம்பைலர் கொண்டு கட்டினால் ஜிசிசி, வின்பித்ரெட் டிஎல்எல்களுக்கும் இதே கதை.

விண்டோஸ் 10 முதல் பொது சி ரன்டைம் இயங்குதளத்திலேயே இருக்கிறது. விண்டோஸ் 7-இல் அது அப்டேட் வழியாக வர வேண்டும். அப்டேட்டே செய்யாத மடிக்கணினிகள் நிறைய உள்ளன, ஆகவே அதையும் கணக்கில் எடுங்கள்.

32 பிட் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு குறுக்கு வழி. சிறு நிரல் என்றால் 32 பிட் கோப்பு ஒன்று மட்டும் கொடுங்கள், 64 பிட் விண்டோஸிலும் அது ஓடும். பயனர் இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நினைவகம் அதிகம் தேவைப்படும் நிரலுக்கு இது பொருந்தாது.

கையொப்பம் இல்லாத கோப்பை இறக்கித் திறந்தால் விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் நீல எச்சரிக்கை காட்டும். கையொப்பம் இட்டாலும் புதிய சான்றிதழுக்கு நற்பெயர் சேரும் வரை சில நாள் காட்டலாம். கையொப்பமிடும்போது நேரமுத்திரையும் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியானதும் பழைய வெளியீடுகளின் கையொப்பமும் செல்லாது. கோப்பின் அளவைக் குறைக்க யுபிஎக்ஸ் போன்ற சுருக்கிகளைப் பயன்படுத்தாதீர்கள். வைரஸ் தடுப்பு நிரல்கள் அத்தகைய கோப்புகளை அடிக்கடி சந்தேகிக்கின்றன. பைத்தான் நிரலைத் தொகுக்கும் பைஇன்ஸ்டாலரின் ஒற்றைக் கோப்பு முறைக்கும் இதே தொல்லை உண்டு, கோப்புறை முறை பரவாயில்லை.

6. மேக்: வரிசை பிசகினால் மறுபடி முதலிலிருந்து

மேக்கில் கட்டுவது சுலபம், கட்டிய பிறகு செய்ய வேண்டியதுதான் நீளம். வரிசை இது: இரண்டு செயலிகளுக்கும் கட்டுதல், ஒன்றாக்குதல், லைப்ரரிகளை உள்ளே வைத்தல், கையொப்பம், டிஎம்ஜி (மேக்கின் வட்டுப் படிமக் கோப்பு) தயாரித்தல், நோட்டரைசேஷனுக்கு (தீங்கு நிரல் இல்லையா என்ற சரிபார்ப்புக்கு) ஆப்பிளுக்கு அனுப்புதல், அந்த அனுமதிச் சீட்டை ஒட்டுதல்.

ஆப்பிள் சிலிக்கான் மேக் 2020 நவம்பரில் வந்தது. இன்டெல், ஏஆர்எம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டி லிப்போ கருவியால் ஒரே யுனிவர்சல் கோப்பாக்கலாம். கோப்பு பெரிதாகும், ஆனால் எது தன் மேக் என்று தெரியாதவரும் தவறாக இறக்க முடியாது. உள்ளே வைக்கும் லைப்ரரிகளும் இரண்டு செயலிக்கும் இருக்க வேண்டும். மேக்கில் லைப்ரரிகளை நிறுவ உதவும் ஹோம்பிரூவில் கிடைப்பவை பொதுவாக அந்தக் கணினியின் செயலிக்கு மட்டுமே. மாணவர்கள் இதில் நிறைய நேரம் இழப்பதைப் பார்க்கிறேன்.

எந்தப் பழைய மேக்ஓஎஸ் வரை ஓட வேண்டும் என்பதைக் கட்டும்போது டிப்ளாய்மென்ட் டார்கெட் மாறியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டும் கணினியின் பதிப்பே அடிப்படையாகிவிடலாம். லைப்ரரிகளையும் அதே எண்ணோடு கட்டியிருக்க வேண்டும்.

கையொப்பத்தை உள்ளிருந்து வெளியே இட வேண்டும்: முதலில் லைப்ரரிகள், பிறகு நிரல், கடைசியில் ஆப் தொகுப்பு. கையொப்பமிட்ட பின் உள்ளே ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் செல்லாது. அதனால்தான் ஒன்றாக்குவது, பாதைகளைத் திருத்துவது எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும். நோட்டரைசேஷனுக்கு ஹார்டன்ட் ரன்டைம் என்ற தேர்வும் அவசியம். இப்போது பயன்படுத்த வேண்டிய கருவி நோட்டரிடூல். பழைய ஆல்ட்டூல் வழியாக அனுப்புவது 2023 நவம்பர் 1-உடன் நின்றுவிட்டது, இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்டுகளை நகலெடுக்கும்போது பாருங்கள்.

ஆப்பிளின் அனுமதி வந்ததும் ஸ்டேப்ளர் கருவியால் அந்தச் சீட்டைக் கோப்போடு ஒட்டுங்கள். ஒட்டினால் இணையம் இல்லாத கணினியிலும் திறக்கும். ஜிப் கோப்பிலோ தனிக் கட்டளைவரி நிரலிலோ ஒட்ட முடியாது. ஆப், டிஎம்ஜி, பிகேஜி மூன்றில்தான் முடியும். டிஎம்ஜியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

பணம் கட்ட முடியவில்லை என்றால் ஆப்பிள் கணக்கின் கையொப்பம் இல்லாமல் கொடுக்கலாம். ஆனால் மேக்ஓஎஸ் 15 முதல் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் பழைய வழி இல்லை. கணினி அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அனுமதிக்க வேண்டும். அந்தப் படிகளைத் தமிழில், படத்தோடு, இறக்கும் பக்கத்தில் போடுங்கள்.

7. தமிழ்ப் பெயர்களை வைத்துச் சோதியுங்கள்

பொதுவான வழிகாட்டிகளில் இது இருக்காது, நம் பயனர்களுக்கு இதுதான் முதல் நாளே உடையும் இடம். கொழிஞ்சாம்பாறை என்று பெயரிட்ட கோப்புறைக்குள் ஒரு கோப்பை வைத்து மூன்று இயங்குதளத்திலும் திறந்து, மாற்றி, சேமித்துப் பாருங்கள்.

விண்டோஸில் தமிழுக்கென்று பழைய பாணி ஏஎன்எஸ்ஐ குறிப்பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) கிடையாது. பழைய செயற்கூறுகள் வழியாகக் கோப்பைத் திறந்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். யுனிகோடு செயற்கூறுகளைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நிரலைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் யுடிஎஃப்-8 (யுனிகோடின் ஒரு வடிவம்) என்று அறிவிக்கவும் வழி உண்டு. விண்டோஸ் 7 வேண்டுமென்றால் அது உதவாது. பயனர் பெயரே தமிழில் இருந்தால் வீட்டுக் கோப்புறை, தற்காலிகக் கோப்புறை எல்லாப் பாதையிலும் தமிழ் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

‘கொ’ என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், பைட்டில் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ வட்டு பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். லினக்ஸ் பைட்டுகளை மட்டும் பார்ப்பதால் இரண்டும் அதற்கு இரண்டு கோப்புகள். டிடிபி கடை மேக்கிலிருந்து வந்த கோப்பு பள்ளி லினக்ஸில் ‘கிடைக்கவில்லை’ என்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே இயல்பாக்க வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தீரும்.

உங்கள் தொகுப்புக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். பழைய ஜிப் விரிப்பான்கள் தமிழ்ப் பெயர்களைச் சிதைக்கின்றன.

8. இப்போது தானியங்கி பில்ட்

கையால் மூன்றிலும் ஒரு தடவை கட்டிப் பார்த்த பிறகே இதற்கு வாருங்கள். தெரியாத வேலையைத் தானியங்கிக்குக் கொடுத்தால், பிழை உங்கள் நிரலிலா, ஸ்கிரிப்டிலா, ரன்னரிலா (தானாகக் கட்டித்தரும் இணையக் கணினியிலா) என்று பிரித்தறிய முடியாது.

கிட்ஹப் தளத்தின் தானியங்கி பில்ட் வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பொது ரெப்போக்களுக்கு வழக்கமான ரன்னர்களை இலவசமாகத் தருகிறது. மேக் சொந்தமாக இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. மேட்ரிக்ஸ் அமைப்பில் ஒரே செய்முறையை எல்லா இயங்குதளத்திலும் ஓட்டலாம். ஃபெயில்-ஃபாஸ்ட் தேர்வை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒன்று தோற்றதும் மற்றவையும் நிறுத்தப்படும், உங்களுக்கு ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கும்.

ரன்னர் பெயரில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாதீர்கள். அது நாளை வேறு பதிப்பைச் சுட்டும். பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, நீங்கள் முடிவு செய்யும்போது மாற்றுங்கள். பழைய ரன்னர்கள் நீக்கப்படுவதும் உண்டு: உபுண்டு 20.04 ரன்னர் 2025 ஏப்ரலில் போய்விட்டது. பழைய ஜிலிப்சிக்காக ரன்னரை நம்பாமல் கண்டெய்னரை நம்பச் சொல்வது அதனால்தான்.

அந்தக் கண்டெய்னரிலும் ஒரு பொறி இருக்கிறது. மூலநிரலை எடுக்கும் செக்அவுட் ஆக்‌ஷனின் 4-ஆம் பதிப்பு நோட் 20 என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியில் ஓடுகிறது, அதற்கு ஜிலிப்சி 2.28 வேண்டும். முழு வேலையையும் உபுண்டு 18.04 கண்டெய்னருக்குள் ஓட்டச் சொன்னால் செக்அவுட்டே தோற்கும். ரன்னரில் செக்அவுட் செய்துவிட்டு, கட்டும் படியை மட்டும், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் கட்டளையால் கண்டெய்னருக்குள் ஓட்டுங்கள்.

கட்டிய கோப்பை ஆர்ட்டிஃபாக்ட்டாகப் (ரன்னர் விட்டுச்செல்லும் விளைபொருளாக) பதிவேற்றும்போதும் இயக்க அனுமதி போய்விடும். முதலில் டார் செய்து, அந்த டார் கோப்பையே பதிவேற்றுங்கள்.

9. சுத்தமான கணினியில், பயனர் செய்வதுபோலவே

கட்டிய கணினியில் ஓடுவது சோதனை ஆகாது. அங்கே கம்பைலரும் எல்லா லைப்ரரிகளும் இருக்கின்றன. கருவிகள் எதுவும் போடாத வெர்ச்சுவல் மெஷின் (உங்கள் கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஒன்று விண்டோஸுக்கு, ஒன்று லினக்ஸுக்கு வையுங்கள். சுத்தமான நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைத்து ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் அதற்குத் திரும்புங்கள். மேக்குக்கு நண்பர் ஒருவரின் கணினியில் புதுப் பயனர் கணக்கு போதும். மேக்ஓஎஸ் உரிமம் அதை ஆப்பிள் வன்பொருளில் மட்டும் ஓட்டவே அனுமதிக்கிறது.

கோப்பை உலாவி வழியாக இறக்குங்கள். இது முக்கியம். உலாவி இறக்கும் கோப்பில் ‘இணையத்திலிருந்து வந்தது’ என்ற குறியை விண்டோஸும் மேக்கும் வைக்கின்றன, எச்சரிக்கைகள் அந்தக் குறியைப் பார்த்தே வருகின்றன. விண்டோஸில் ஃபேட்32 பென் டிரைவில் நகலெடுத்தால் அந்தக் குறி கழன்றுவிடும். நீங்கள் பென் டிரைவில் கொண்டுபோய்ச் சோதித்தால் எச்சரிக்கையே வராது, உங்கள் பயனருக்கோ முதல் திரையே அதுதான். எங்கள் பயனர்கள் இரண்டு வழியிலும் வருவதால் இரண்டையும் சோதிக்கிறோம்.

இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு முறை, நிர்வாகி அல்லாத கணக்கில் ஒரு முறை திறந்து பாருங்கள். பழைய பதிப்பின் அமைப்புகள் இருக்கும் கணினியில் புதியதைத் திறந்து பாருங்கள். முடிந்தால் நிரலைப் பார்த்தே இராத ஒருவரிடம் இணைப்பை மட்டும் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கோப்பை இறக்குவது என்று அவர் தயங்கும் இடம் தெரிந்துவிடும்.

10. பெயர், செக்சம், வெளியீடு

கோப்புப் பெயரில் நிரலின் பெயர், பதிப்பு, இயங்குதளம், செயலி நான்கும் அதே வரிசையில் இருக்கட்டும். பென் டிரைவில் போய் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்தப் பெயர் ஒன்றுதான் அடையாளம். இறக்கும் பக்கத்தில் செயலிப் பெயர்களை மட்டும் போட்டால் புரியாது. ‘விண்டோஸ் 7 முதல் 11 வரை’, ‘பள்ளி லினக்ஸ் 18.04, 22.04’ என்று பயனர் தன் கணினியை அழைக்கும் பெயரிலேயே எழுதுங்கள்.

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள், அதற்கு ஜிபிஜி அல்லது மினிசைன் கருவியால் கையொப்பம் இடுங்கள். அந்தத் தனிச்சாவி தானியங்கிக் கணக்கில் இருக்கக் கூடாது. யாராவது அந்தக் கணக்குக்குள் நுழைந்தாலும் உங்கள் பெயரில் கையொப்பமிட முடியாமல் இருக்க வேண்டும். செக்சம்மைக் கையொப்பம் எல்லாம் முடிந்த கடைசிக் கோப்பில்தான் எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், முன்பே எடுத்துவிட்டுப் பொருந்தவில்லை என்று குழம்புபவர்கள் உண்டு.

வெளியீட்டை முதலில் டிராஃப்ட்டாகப் போட்டு, அதிலிருந்து இறக்கி ஒன்பதாம் படியைச் செய்யுங்கள். சரியாக இருந்தால் அதே கோப்புகளை அப்படியே வெளியிடுங்கள். சோதித்த பிறகு ‘ஒரு சின்ன மாற்றம்தான்’ என்று மறுபடி கட்டினால் நீங்கள் சோதித்தது வேறு, கொடுப்பது வேறு.

வெளியிட்ட பிறகு பிழை தெரிந்தால் அதே பெயரில் கோப்பை மாற்றி வைக்காதீர்கள். செக்சம் பொருந்தாது, பென் டிரைவுகளில் பரவிய பழைய நகலும் புதியதும் ஒரே பெயரில் இருக்கும். பதிப்பின் கடைசி எண்ணை ஒன்று கூட்டி மூன்று இயங்குதளத்துக்கும் புதிதாக வெளியிடுங்கள், பிழை ஒன்றில் மட்டும் இருந்தாலும்கூட. எந்த எண் எதில் இருக்கிறது என்று அப்புறம் யாரும் தனிக் கணக்கு வைக்க வேண்டியிராது.

ஒரு பழைய இயங்குதளத்தை விடப்போகிறீர்கள் என்றால் ஒரு வெளியீட்டுக்கு முன்பே அறிவியுங்கள். அதில் ஓடிய கடைசிக் கோப்பையும், அதற்குரிய மூலநிரலையும் இறக்கும் பக்கத்திலிருந்து எடுத்துவிடாமல் வையுங்கள்.